கையால் சேர்த்த வரி

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் நாற்காலியில் அழகேசன் மடிக்கணினியைத் திறந்தபோது, அவன் மனைவி வைஷாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அலுத்த முகம். மகள் ரோஷினி பெட்டிமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் திருச்சிக்கு ஒருவழி டிக்கெட். போகாதே என்று சொல்லத்தான் அவன் கூடவே வந்திருந்தான். தெம்பனிஸ் வீட்டிலிருந்து டாக்சியில் வரும்போது குழந்தை எதிரில் வாய் வரவில்லை. இறங்கியதும் சொல்லலாம் என்று வாயெடுத்த நேரம் பார்த்து, மேலாளர் சுரேந்தர் போனில் பிடித்துக்கொண்டார்; அதற்குத்தான் இந்த மடிக்கணினி.

"அழகு, கார்கோவுல மீன் பெட்டியெல்லாம் ஐந்நூத்திப்பத்து டிகிரி காட்டுது லா! கஸ்டமர் கத்துறான். உடனே பாரு."

மைனஸ் இரண்டு காட்ட வேண்டிய பெட்டிகள். உள்ளே இருக்கும் சென்சார் வெப்பநிலை, கதவு, பேட்டரி எல்லாவற்றையும் பிட்டுகளாக நெருக்கி ஒரே பைட் வரிசையாக அனுப்பும். அவற்றைப் பிரித்தெடுக்கும் சி மொழி நிரலை மனிதர் எழுதுவதில்லை. எந்த பிட்டில் எது என்ற அட்டவணையைக் கொடுத்தால் ஜெனரேட்டர் என்ற மென்பொருளே எழுதித் தள்ளிவிடும். மைனஸ் என்று ஒன்று இருப்பதே அந்த மகராசனுக்குத் தெரியாது; மைனஸ் இரண்டின் பிட்டுகளை ஐந்நூற்றுப்பத்து என்றே படிக்கும். அது எழுதி முடித்ததும், மைனஸைப் புரியவைக்க அழகேசன் கையால் ஒரு வரி சேர்ப்பான். நேற்று அவன் விடுப்பு. கூட வேலை பார்க்கும் அருண்ராஜ் ஜெனரேட்டரை மறுபடி ஓட்டியதில் அந்த வரி அழிந்துபோயிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் வைஷாலி. அவள் கேட்டதே அவனுக்கு ஆறுதலாக இருந்தது. முழுவதும் சொன்னான்.

"அப்ப அந்த ஜெனரேட்டரையே சரி பண்ணிடலாமே?"

"பண்ணணும். உக்காந்து பாக்க நேரமே கிடைக்கல."

"எவ்ளோ நாளா?"

"நாம இங்க வந்ததுலேர்ந்து."

அவள் லேசாகச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அஞ்சு நிமிஷம், வைஷு. இந்த வரியப் போட்டுட்டு உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அத முதல்ல சொல்லுங்க."

போன் மறுபடி அதிர்ந்தது. அவன் கண் அங்கே போனது. "அஞ்சே நிமிஷம்," என்றான்.

வரியைச் சேர்த்தான். நிரல் பெட்டிகளுக்கு மெல்ல ஏறத் தொடங்கியது. மடிக்கணினியை மூடினால் அது பாதியில் நின்று, பெட்டிகள் அடியோடு ஊமையாகிவிடும். தலையைத் தூக்கியபோது பக்கத்து நாற்காலி காலி. திறந்த மடிக்கணினியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடினான். பயணிகள் மட்டுமே தாண்டக்கூடிய கண்ணாடிக்கு அப்பால் வைஷாலி திரும்பாமல் வரிசையில் நகர்ந்தாள். ரோஷினி மட்டும் அப்பாவைப் பார்த்துவிட்டுக் குதித்துக் குதித்து டாட்டா காட்டினாள். பதிலுக்குக் காட்ட அவனிடம் ஒரு கைகூட இல்லை.