வெண்டல் ஸ்ட்ரோப் விட்டுச் சென்ற எடை

வெண்டல் ஸ்ட்ரோப் எங்கள் ஊருக்குள் வரும்போது ஆயிரத்து முந்நூற்றிரண்டு பவுண்டு இருந்தார். புறப்படும்போது நூற்று ஐம்பத்தொன்று. இரண்டையும் எழுதி வைத்தவள் கெஸ்கே ஐலர்ஸ். நியூ நார்டன் தானியக் கூட்டுறவின் லாரி எடைமேடையில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருப்பவள். ஒரு லாரி மக்காச்சோளத்தில் ஒரு கைப்பிடிகூட அவள் கணக்குத் தப்பியதில்லை என்பதால் யாரும் திரும்ப எடை போடச் சொல்லவில்லை.

எங்கள் அயோவா மாநிலத்தில் ஜனாதிபதி வேட்பாளர்களுக்குப் பஞ்சமில்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்று ஓட்டெழுதும் தேர்வுக் கூட்டம் நாட்டிலேயே முதலில் நடப்பது எங்களிடம்தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை குடியரசுக் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் வந்து எங்கள் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கற்கண்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களை எடை போடும் வழக்கம் ஓர் அறுவடைக் காலத்தில் தொடங்கியது. ஒரு வேட்பாளரின் பேருந்து வழி தவறி மேடைமேல் ஏறி நின்றது. மேடைமேல் எது ஏறினாலும் வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை எடை போட்டாக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கிவிட்டுப் போன சரக்கு. கெஸ்கே விதியை மாற்றவில்லை. பேருந்து போகும்போது நாற்பது பவுண்டு கூடியிருந்தது. அவர் போனபிறகு ஈஸ்டர் வரைக்கும் ஊரில் ஒருவருக்கும் ஞாயிறு ஞானப்பாட்டின் இரண்டாம் சரணம் ஞாபகத்துக்கு வரவில்லை. அதிலிருந்து எல்லோரையும் ஆளாகவே இறக்கி நிறுத்தினோம். பெரும்பாலானவர்கள் வந்த எடையிலேயே திரும்பினார்கள். ஒருவர் மூன்று பவுண்டு விட்டுப் போனார். அதை வைத்து எட்டு வருடம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் ஊரே செனட்டர் பிரென்ட் கால்டர் பக்கம் இருந்தது. பிறக்காத குழந்தையைக் காப்பேன், வரியைக் குறைப்பேன், துப்பாக்கியைத் தொட மாட்டேன், முடிவில்லாத சண்டைக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன், பெட்ரோலில் மக்காச்சோள எத்தனால் கலந்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தை உயிர்போனாலும் விடமாட்டேன் என்றார். நாங்கள் கேட்க நினைத்ததையெல்லாம், நாங்கள் கேட்கும் முன்பே, எங்கள் வரிசையிலேயே சொன்னார். தேர்வுக் கூட்டத்தில் அவருக்காகப் பேசுகிறேன் என்று கெஸ்கே கோடையிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் யாருக்குப் பேசுகிறாளோ அவருக்கே எங்கள் வட்டம் ஓட்டு எழுதும். அவளுக்குக் காரணமும் இருந்தது. அவள் மகன் ஹார்ம், எத்தனால் ஆலையை நம்பி நூற்றறுபது ஏக்கர் கூடுதலாக எடுத்திருந்தான். சட்டம் போனால் ஆலை போகும்; ஆலை போனால் நிலம் போகும். கால்டர் டிசம்பரில் வந்தார். வரும்போது இருநூற்றுப் பன்னிரண்டு, போகும்போது இருநூற்றுப் பதினான்கு. “அந்த ரெண்டு நம்ம ஆப்பிள் பைதான்” என்றார் கூட்டுறவு மேலாளர் மென்னோ. கெஸ்கே சிரிக்கவில்லை.

மறு வாரம் ஸ்ட்ரோப் தனியாக, பழைய காரில் வந்தார். எங்கோ மேற்கே ஒரு சமவெளி மாநிலத்தில் முன்னாள் கவர்னர். குள்ளமான, காய்ந்த மனிதர். அவர் ஏறி நின்றதும் எடைமேடையின் சிமெண்டில் முடி அளவு விரிசல் விட்டது. “குளிர்காலத்துல இப்படித்தான் விடும்” என்று சொல்லிவிட்டு, கெஸ்கே எண்ணை எழுதிக்கொண்டாள். கூடத்தில் அவர் மூன்று கோப்பை தேநீர் குடித்தார், கற்கண்டைக் கலக்காமல். போதும் என்று கரண்டியைக் கோப்பைக்குள் போட்டார். எங்கள் ஊர்த் தேநீர் வழக்கத்தை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது தானாகவே தெரிந்திருக்க வேண்டும். ஹார்ம்தான் முதலில் எழுந்தான்.

“கவர்னரே, எத்தனால் சட்டத்தை என்ன பண்ணுவீங்க?”

“எடுத்துருவேன். முதல் வருஷமே.”

“அப்ப எங்க சோளம்?”

“மாட்டுக்குப் போடுங்க. இல்ல வேற பயிர் வைங்க. சர்க்கார் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு கத்துறது நீங்கதானே தம்பி? அடுத்தவன் வண்டியில உங்க சோளத்தைச் சட்டம் போட்டு ஊத்துறது மட்டும் கட்டாயம் இல்லையா?”

“இவருக்கு ஓட்டு வேணாம்போல” என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

“வேணும்யா” என்றார் ஸ்ட்ரோப். “ரொம்ப வேணும். ஆனா பொய் சொல்லி வாங்கினா, அங்க போனப்புறம் உங்களுக்கும் அதே பொய்யைத்தானே சொல்வேன்.”

யாரும் கைதட்டவில்லை. அவர் காருக்குப் போகையில் காலடி பனியில் பதியாத அளவு இலேசாக நடந்தார். அன்று மாலை கூடத்தின் தரை அரை அங்குலம் இறங்கியிருந்ததைப் பாதிரியார் அளந்து பார்த்தார். ஆயிரத்து நூற்றைம்பத்தொன்று பவுண்டு எங்களிடம்தான் எங்கோ இருந்தது. ஊரில் எல்லோரும் அந்த வாரம் நிதானமாக நடந்தார்கள். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கும் பழக்கம் கெஸ்கேவுக்கு இல்லை என்பது ஹார்முக்குத் தெரியும், பிள்ளையின் நிலத்தைக் கையால் தள்ளிவிட மாட்டாள் என்பதும்.

ஜனவரியில் தேர்வுக் கூட்டம் நடந்தது. நாற்பத்தேழு பேர் வந்தார்கள். முதலில் கெஸ்கே எழுந்தாள். கால்டர் சொன்னதில் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். பிறகு, “வரும்போது இருநூத்திப் பன்னெண்டு, போகும்போது இருநூத்திப் பதினாலு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்” என்று உட்கார்ந்தாள். அவள் வாக்கு நிறைவேறியது. ஸ்ட்ரோப்புக்குப் பேச யாராவது உண்டா என்று பாதிரியார் கேட்டார். அந்த மனிதருக்கு மாவட்டத்திலேயே ஓர் ஆள் கிடையாது. அடுத்தவர் பெயருக்குப் போகப் பாதிரியார் வாயெடுத்தபோது ஹார்ம் தொப்பியைக் கழற்றியபடி எழுந்தான்.

“எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல. அவர் ஜெயிச்சா என் நிலம் போயிரும், உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா இத்தனை வருஷமா இங்க வந்தவங்கள்ல முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொன்னவர் அவர் ஒருத்தர்தான். எனக்கே முடியாதுங்கிறவர் வாஷிங்டன்காரனுக்கும் முடியாதும்பார்.” கெஸ்கே பக்கம் திரும்பி, “அவ்வளவுதான். அம்மா, அழாத” என்றான்.

“யாருடா அழறா? மூக்கு ஒழுகுது, உட்காரு” என்றாள் கெஸ்கே.

எங்கள் கட்சியில் வெற்றுத் தாளில் பெயர் எழுதி மடித்துப் போடுவதுதான் முறை. பெட்டிக்குப் பதில் ஒரு சோளப்பொரி வாளி. மென்னோ அதை வரிசை வரிசையாக ஏந்திப் போனார். மூன்றாம் வரிசையில் இரண்டு கையாலும் பிடித்தார். ஐந்தாவதில் கீழே வைத்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் வாளி நகரவில்லை. எண்ணுகிறவர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு வாளியிடம் வந்தார்கள். ஸ்ட்ரோப் முப்பத்துமூன்று, கால்டர் பதினொன்று, மற்றவர்கள் மூன்று. மாநிலம் முழுவதும் பார்த்தால் ஸ்ட்ரோப்புக்கு ஐந்தாமிடம். மறு வாரமே விலகிக்கொண்டார். சட்டம் அப்படியே இருக்கிறது, ஹார்மின் நிலமும் இருக்கிறது. அதன்பின் மூன்று தேர்தல் வந்துபோய்விட்டது. வாளி கூடத்தின் நடுவில் வைத்த இடத்திலேயே, காலியாக இருக்கிறது. சுற்றி நாற்காலி போட்டுக்கொள்கிறோம். தேர்வு நாளில் இப்போது யாரும் வாளியை ஏந்தி வருவதில்லை; பெயரை எழுதியவர்கள் எழுந்து அதனிடம் நடந்து போகிறார்கள்.