பட்டாசின் தவக்காலம்

சித்தப்பா சிலேட்டை அப்பாவின் மூக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

"என்னடா காட்டுற? ஒரே கருப்பா இருக்கு" என்றார் அப்பா.

காலையிலிருந்தே அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இன்றைக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் மகளான அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சித்தப்பா முழங்கையால் அழித்துவிட்டு, சிலேட்டே கொள்ளாத அளவுக்குப் பெரிதாக மறுபடி எழுதினார்: மன்னிச்சிடு. அப்பா சிலேட்டைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு வெல்டிங் வேலை. அவர் வாய்க்கு ஊர் வைத்த பெயர் பட்டாசு. அவள் கல்யாணத்தன்று, அழைப்பிதழில் தன் பெயர் விட்டுப்போன ஆத்திரத்தில், வாழ்த்துச் சொல்லக் கொடுத்த மைக்கிலேயே, "நீயெல்லாம் ஒரு அண்ணனா? உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்" என்று வெடித்தவர். வந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அந்த வருஷத்திலிருந்து தவக்காலம் முழுக்க நாக்கைக் கட்டிப்போட்டார். சாம்பல் புதனன்று மூடுகிற வாய் ஈஸ்டர் பூசையில்தான் திறக்கும். மற்ற மாதங்களில் வெட்கப்பட்டுக்கொண்டு இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டமாட்டார். தவக்காலத்தில் மட்டும், பேச வேண்டியதில்லை என்ற தைரியத்தில், சிலேட்டும் கையுமாக வந்து அண்ணன் பக்கத்தில் உட்காருவார். டீ ஆறிப்போச்சு, மழை வரும்போல, என்று எதையாவது எழுதிக் காட்டுவார். எழுத வேண்டியதை மட்டும் எழுதியதே இல்லை. இன்றைக்குத்தான் எழுதினார்.

சிலேட்டை இப்போது அவள் பக்கம் நீட்டி, படித்துச் சொல் என்று சைகை காட்டினார்.

"நான் படிக்கமாட்டேன் சித்தப்பா. அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க. இதையும் நீங்களே சொல்லுங்க."

அவர் விரலை உதட்டில் வைத்து, பிறகு மேலே காட்டினார்.

"ஃபாதர் நேத்தே உங்ககிட்ட சொன்னாரு, இதுக்காகப் பேசினா தப்பில்லைன்னு. சாமிக்குக் கண்ணும் தெரியும், காதும் கேக்கும். அப்பாவுக்கு இப்ப காது மட்டும்தான் மிச்சம்."

அவர் தலை குனிந்துகொண்டார். வீம்பு பிடித்த மனுஷன். தவத்திலும் அதே வீம்பு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் போயிட்டானாம்மா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. இங்கதான் இருக்காரு."

"கோவம் இன்னும் தீரலபோல."

குறையாகச் சொல்லவில்லை. மழை இன்னும் விடலபோல என்கிற மாதிரிதான் சொன்னார். அடுத்த மூச்சு வர வெகுநேரம் பிடித்தது. அது வரும்வரை அவளும் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு வார்த்தை. படித்துத் தொலைத்தால் என்ன? இவர் நாக்குக்கும் தன் பிடிவாதத்துக்கும் நடுவில் அப்பா வெறுங்கையோடு போகப்போகிறாரே என்று பயந்துவிட்டாள். சிலேட்டை வாங்கக் கை நீட்டினாள்.

சித்தப்பா தரவில்லை. அதைத் தரையில் வைத்துவிட்டு அப்பாவின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் பிடியில் இருந்த சாக்பீஸ் நொறுங்கியது. வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது.

"அண்ணே." துருப்பிடித்த குரல். "மன்னிச்சிடுண்ணே."

அப்பாவின் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"ஈஸ்டர் வந்துடுச்சாடா?"

சித்தப்பா அவளைப் பார்த்தார். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுகூட இன்னும் வரவில்லை.

"வந்துடுச்சுண்ணே."

"அப்பப் பேசு" என்றார் அப்பா.

சித்தப்பா பேசினார். வெல்டிங் கடையைப் பற்றி, மூட்டு வலியைப் பற்றி, சின்ன வயதில் இருவரும் ஒரே செருப்பை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு திரிந்ததைப் பற்றி. மூச்சு நின்ற பிறகும் பேசிக்கொண்டிருந்தார். அவள் தடுக்கவில்லை.

ஆட்கள் வருவதற்குள் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து அப்பாவைத் துடைத்தாள். முகம், கழுத்து, இடது கை. வலது உள்ளங்கையின் ரேகைகளில் சாக்பீஸ் வெள்ளை அப்பியிருந்தது. அவள் அதைத் துடைக்காமல் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள்.