வெட்டிப் போட்ட கார்டு

கத்தரிக்கோலை எடுத்து நீட்டியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் புருஷன் கில்லைத் திட்ட இன்றைக்கும் வாய் துறுதுறுக்கிறது. என்ன செய்வது, வெட்டச் சொன்னவள் நானாயிற்றே.

யங்ஸ்டவுன் ஊரில் பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்த வீடு. அதன் சொந்தக்காரர் லுபின்ஸ்கி மகனோடு போய் இருக்க முடிவு செய்து, வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார்.

"முதல்ல உங்களைத்தான் கேக்குறேன் ரோண்டா. ஜூன் பதினாலு வெள்ளிக்கிழமைக்குள்ள பேங்க் வேலையை முடிச்சுட்டா வீடு உங்களுது."

அந்த வீடு போனால் எங்கள் மகள் ட்வைலாவின் பிழைப்பே போய்விடும். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அந்த வாசலில் இறங்கி, தடியைத் தட்டிக்கொண்டு மூன்று தெரு நடந்து, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு அவளே போய் அவளே திரும்புவாள். எட்டு வருட வேலை. பனி கொட்டுகிற நாளில் நான் மெதுவாகப் பின்னால் போனால்கூடக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவாள்.

வங்கியில் வீட்டுக்கடன் பார்ப்பவர் ட்ரென்ட் ஹாஸ்கல் என்கிற மனிதர். கிரெடிட் ஸ்கோர், அதாவது கடன் நாணயத்துக்குப் போடும் மதிப்பெண், அறுநூற்று நாற்பதுக்குக் குறையக்கூடாது என்றார். எங்களுக்கு அறுநூற்று அறுபத்தொன்று. "கையெழுத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை பாப்போம். அதுவரைக்கும் புதுசா எந்தக் கடனும் வாங்கிடாதீங்க" என்றார். நாங்கள் ஏன் வாங்கப் போகிறோம்? வரிப் பணம் திரும்பி வந்த கையோடு பெரிய கிரெடிட் கார்டின் பாக்கி நாலாயிரத்துச் சொச்சத்தையும் அடைத்துவிட்டு, நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தோம்.

எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழ்த்தள அறையில் கடன் ஒழிப்பு வகுப்பு நடக்கும். ஒரு கார்டின் பாக்கியை முழுதாக அடைத்தவர் முன்னால் போய் அதை வெட்ட வேண்டும். அங்கேயே போனை ஸ்பீக்கரில் போட்டு, கம்பெனிக்காரனிடம் கணக்கை மூடச் சொல்ல வேண்டும். மணி அடிப்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், அப்புறம் சாப்பாடு. மே மாதம் எங்கள் முறை வந்தது.

கில் தயங்கினான். "இருபத்திரண்டு வருஷக் கார்டு ரோண்டா. டிராயர்ல சும்மா கெடக்கட்டுமே. சோறா கேக்குது?"

"கெடந்தா மறுபடியும் மீன்பிடிப் படகு வாங்குவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

கூட்டமே சிரித்தது. அவன் முகம் சிவந்தது. நான் நீட்டிய கத்தரிக்கோலை வாங்கி நாலு துண்டாக வெட்டினான், கணக்கையும் மூடினான். மணி அடித்தபோது நான் அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூன் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, ட்ரென்ட் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஸ்கோர் அறுநூற்றுப் பதினெட்டுக்கு இறங்கியிருந்தது.

"ஏதாவது கார்டை மூடினீங்களா?"

"ஆமா. ஒத்தக் காசு பாக்கி வைக்காம அடைச்சுட்டுத்தான் மூடினோம்" என்றான் கில், பெருமையாக.

ட்ரென்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அதுல ஒன்பதாயிரம் டாலர் வரைக்கும் எடுக்கலாம்ங்கிற லிமிட் இருந்துச்சு. மிச்சம் இருக்கிறது கடைக் கார்டு ஒண்ணு, லிமிட் ஆயிரத்து ஐநூறு. அதுல வாஷிங் மெஷின் வாங்கின பாக்கி ஆயிரத்து இருநூத்தி எண்பது. ரெண்டு கார்டும் இருந்தப்ப மொத்த லிமிட்டுல நூத்துக்குப் பன்னெண்டுதான் எடுத்திருந்தீங்க. இப்ப நூத்துக்கு எண்பத்தஞ்சு. கழுத்து வரைக்கும் கடன்ல இருக்கீங்கன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்குது."

"ஒரு டாலர்கூடப் புதுசா வாங்கலையே" என்றேன்.

"கடன் கூடல மேடம். லிமிட் போயிடுச்சு."

கில் தன் பட்டறைச் சாமான்களையெல்லாம் வந்த விலைக்கு விற்று, அன்று சாயங்காலமே அந்தப் பாக்கியைக் கட்டினான். ஆனால் கட்டியது ஸ்கோரில் ஏற அடுத்த மாதம் ஆகும், அவசரம் என்று எழுதிக் கேட்டாலும் ஒரு வாரம் ஆகும் என்று ட்ரென்ட் சொல்லிவிட்டார். கையில் இருந்ததோ நாலு நாள்.

லுபின்ஸ்கியிடம் போனேன். பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரம் குடுங்க. ஒரே வாரம். ட்வைலாவை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா முழுப் பணத்தையும் கையில வச்சுக்கிட்டு ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். பதினஞ்சாம் தேதி தாண்டினா அவன் வேற வீடு பாத்துடுவான். நான் ரெண்டு மாசம் பொறுத்துட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் டேப்பையே தடவிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதனால் திட்டவும் முடியவில்லை.

வீடு அந்த ஆளுக்கே போனது. எங்கள் கைக்கெட்டிய வாடகைக்குக் கிடைத்தது நெடுஞ்சாலை ஓரத்து அபார்ட்மென்ட். நடைபாதை கிடையாது, பஸ் கிடையாது. வாசலைத் தாண்டினால் லாரி. ட்வைலா இரண்டு நாள் தனியாகப் போய்ப் பார்த்தாள். இரண்டாவது நாள் யாரோ ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போனார். எனக்கு விடியற்காலையில் பேக்கரி வேலை, கில்லுக்கு ஷிப்ட். டாக்ஸிக்குக் கொடுத்தால் அவள் சம்பளத்தில் பாதி போய்விடும். மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டாள். அழவில்லை, எங்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் கில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தினான்.

"ஸ்கோர் அறுநூத்தி எழுபத்திரண்டு. பேங்க்ல வாழ்த்து அனுப்பியிருக்கான். வீட்டுக்கடனுக்கு நமக்குத் தகுதி இருக்காம்."

ட்வைலா தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நல்லதுப்பா" என்றாள். "இன்னைக்கு உங்கள்ல யாராச்சும் என்னைக் கொஞ்ச நேரம் வெளியில கூட்டிட்டுப் போறீங்களா?"

முப்பத்தொரு வயதில் அவள் எங்களிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.