என் குரல் எடுத்த அழைப்புகள்

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்த அழைப்பை நான் வியாழன் காலை பத்து மணிக்குத்தான் கேட்டேன். இடையில் புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. வெள்ளவத்தையில் எங்கள் பல் கிளினிக் பூட்டிக் கிடந்தது. என் குரலுக்கு மட்டும் போயா இல்லை.

பதினொரு வருடம் அங்கே முன்மேசையில் தொலைபேசி எடுத்தவள் நான். ஒரே நேரத்தை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்து ஏச்சு வாங்கிய நாட்கள் உண்டு. ஒருவரோடு கதைக்கும்போது அடிக்கிற மற்ற அழைப்பு தவறிப்போகும். அதனால் டொக்டர் கிருஷ்ணராஜ் போன தை மாதம் ஏஐ குரலொன்றை வைத்தார். நோயாளிகளுக்குப் பழகிய குரலாக இருக்கட்டும் என்று, கொள்ளுப்பிட்டியில் ஒரு கண்ணாடி அறையில் மூன்று நாள் என்னை உட்கார வைத்து எண்ணூறு வசனங்களை வாசிக்கச் சொன்னார்கள். “இனி உமக்குத் தொண்டை நோகாது, ஜீவராணி” என்று டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்கிய பிள்ளைக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது என் வேலை, பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளைக் கேட்பது. பெயர் சரியா, திகதி சரியா, நேரம் சரியா என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் சரி போடுவேன். மூன்று மாதத்தில் ஒரு பிழை பிடிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து வரும்போது பஸ்ஸில் “வெல்லவத்த எகக்” என்று டிக்கெட் கேட்பதுதான் சில நாட்களில் மாலைவரை நான் வாய் திறந்து சொன்ன ஒரே பேச்சு. அதுவும் சிங்களம். அந்த நேரத்துக்குள் என் குரல் நாற்பது பேரைச் சுகம் விசாரித்திருக்கும்.

அந்தச் செவ்வாய் அழைப்பில் வந்தது தெஹிவளை லுத்பியா ஆன்ட்டி. தானும் புருஷன் ஷரீப் ஹாஜியாருமாக ஆறு மாதத்துக்கு ஒருதரம் வருவார்கள். நோன்புப் பெருநாளுக்கு எனக்கென்று தனியாக வட்டிலாப்பம் கொண்டுவருகிறவர். அழைப்பின் முதல் வசனமே ‘இது தானியங்கிச் சேவை’ என்பதுதான். என் குரலில் சொன்னால் யார் அதைக் காதில் போடுகிறார்கள்?

“ஜீவராணி, நான் லுத்பியா. அவங்கட பல் செட்டுக்கு வெச்ச நாள வெட்டி விடுங்க புள்ள. ஞாயித்துக்கெழம அவங்க மவுத்தாப் போய்ட்டாங்க.”

“உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஷரீப் அவர்களின் நேரத்தை நீக்கிவிட்டேன். உங்கள் பற்களைச் சுத்தம் செய்யும் தவணை வருகிறது. அடுத்த வியாழன் பத்தரை வசதியா?”

“நான் இத்தா ஈக்கிறேன், புள்ள. நாலு மாசம் பத்து நாள் வெளிய எறங்க ஏலா.”

“விளங்குகிறது. வெள்ளி நான்கு மணி எப்படி?”

தொலைபேசியை வைக்கும் சத்தம்.

பதில் கிடைக்காதவர்களைத் தினமும் ஒருதரம் கூப்பிடுவது அந்தக் குரலுக்குக் கொடுத்த விதி. புதன் ஒன்பது ஐந்துக்கும் வியாழன் ஒன்பது ஐந்துக்கும் கூப்பிட்டிருந்தது. இரண்டிலும் அவர் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். நான் கட்டங்களைப் பார்த்தேன். பெயர் சரி. திகதி சரி. நேரம் சரி.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன்.

“அட, எங்கட ஹாஜியாரே? நல்ல மனுசன். இனி அங்க எடுக்காமல் நிப்பாட்டிவிடுறன்.”

“நான் ஒருக்கா எடுத்துக் கதைக்கவா, சேர்?”

“வேண்டாம் பிள்ளை. நீர் எடுத்தாலும் அதே குரல்தானே?” அவர் பகிடியாகத்தான் சொன்னார்.

மத்தியானம் பழைய பதிவுப் புத்தகத்தில் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு மெரின் டிரைவுக்கு நடந்தேன். கடலைப் பார்த்தபடி நின்று என் சொந்த ஃபோனில் எடுத்தேன். அவர் ஹலோ என்றதும், “வணக்கம், பல் கிளினிக்கிலிருந்து ஜீவராணி” என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி அறையில் பழகிய அதே நிதானம், அதே ஏற்ற இறக்கம்.

“எத்தன தரம் எடுப்பீங்க, ஜீவராணி? மவுத்தான ஊடு இது. பதினொரு வருஷம் பழகின புள்ள, ஆறுதலா ஒரு சொல்லு வரல்ல உங்களுக்கு. நாள் கேக்குறீங்க, நாள்!”

வைத்துவிட்டார்.

அந்தக் குரல் நான் இல்லை என்று சொல்லிவிடலாம். அதையும் அதே குரலில்தான் சொல்ல வேண்டும். ‘வருந்துகிறேன்’ என்பது எண்ணூறில் ஒன்று. ‘மன்னியுங்கள்’ இன்னொன்று. என்ன சொல்லை எடுத்தாலும் அது ஏற்கெனவே என் வாயால் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது, அல்லது நாளைக்கு வேறு யாருக்கோ சொல்லப்படும். ஆனாலும் இன்னொருதரம் எடுத்தேன். ஆறாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார். நான் கதைக்கவில்லை. அவரும் கதைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

வலப்பக்கமிருந்து பாணந்துறை ரயில் வந்தது. கதவில் தொங்கியவர்களின் கூச்சலோடு எனக்கும் கடலுக்கும் நடுவே தடதடத்துப் போய் முடிய அரை நிமிடமாவது ஆகியிருக்கும்.

“ஜீவராணி?” என்றார் அவர், சத்தம் அடங்கிய பிறகு. கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. “மத்த நாளெல்லாம் பொட்டிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி ஒரு சத்தமும் ஈக்கல்ல. இப்ப எங்க நிக்கிறீங்க?”

“ரோட்டுல, ஆன்ட்டி.” மூக்கை உறிஞ்சினேன்.

அவர் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது. யாரோ பாத்திரத்தை மெதுவாக இறக்கி வைத்தார்கள். நான்கு நிமிடம் போயிருக்கும். காதோரம் முதலில் ஒரு நடுக்கம் மாதிரி. பிறகு அதே ரயில், அடுத்த ஸ்டேஷனான தெஹிவளையில் அவர் ஜன்னலைத் தாண்டிப் போகத் தொடங்கியது. இருவரும் அது போய் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.