பழைய சர்வரே தேவலை

திங்கட்கிழமை காலை ஏழரைக்குள் பதினோரு பேர் என்னிடம் வந்து சத்தம் போட்டுவிட்டார்கள். எல்லாரும் வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்டுக்கு வந்தவர்கள். கம்ப்யூட்டரில் பெயரைத் தேடியெடுத்து, ஸ்டிக்கர் அடித்துக் குழாயில் ஒட்டினால்தான் ரத்தம் எடுக்க முடியும். தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் லேபில், தகவலையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் பழைய சர்வர் கம்ப்யூட்டர் அதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பூஜை போட்டு வைத்து, இன்றைக்குத்தான் கவுண்டரோடு இணைத்த புது சர்வருக்கு ஒன்றரை நிமிடம் வேண்டியிருக்கிறது. டூட்டிக்கு நேரமாகிவிட்ட பஸ் டிரைவர் ஒருவர், இந்த லட்சணத்துக்குப் புதுசு வேறயா என்று கேட்டுவிட்டு வெளியேறினார். கவுண்டரில் இருக்கும் நிலோபர், "பழசே தேவலைண்ணே" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. சர்வரைக் கொடுத்த முகேஷ் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். வேலையை விட்டுவிட்டுக் காளவாசலில் கம்ப்யூட்டர் கடை போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. எங்கள் லேப்தான் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். லேபை நடத்தும் டாக்டர் கனகலட்சுமியிடம் அவனைச் சிபாரிசு செய்ததும் நானே. மேடம் பதினோரு மணிவரை கெடு கொடுத்தார். சரியாகாவிட்டால் சர்வரைத் தூக்கிக்கொண்டு போகலாம். இவனிடம் எதையும் வாங்காதீர்கள் என்று தெரிந்த டாக்டர்களிடமெல்லாம் சொல்லியும் வைப்பார்.

முகேஷ் வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தான். மெமரி சரி, டிஸ்க் சரி. "பொருள்ல குத்தம் இல்ல மாப்ள, டேட்டாபேஸ் பக்கம் ஒரு தடவ பாரேன்" என்றான். வந்ததே கோபம். வந்தவர்களின் பெயர், ரிப்போர்ட் என்று ஒன்பது வருஷமாக நான் கட்டி மேய்க்கிற டேட்டாபேஸ் அது. ஓட்டைச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டு எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று நிலோபர் முன்னாலேயே கேட்டேன். அவன் சர்வர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வரக் கீழே போனான்.

அவன் சொன்னது தப்பு என்று காட்டத்தான் டேட்டாபேஸைத் திறந்தேன். ஒரு இண்டெக்ஸ்கூட இல்லை. எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. அது இல்லாவிட்டால் ஒரு ஆளைத் தேட, ஒன்பது வருஷத்து ரிப்போர்ட் அத்தனையையும் முதலிலிருந்து புரட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் சர்வர் ஓடியாக வேண்டும் என்று மேடம் பறந்தார். நேரம் போதாமல் தகவலை மட்டும் ஏற்றிவிட்டு, இண்டெக்ஸை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவன் நானேதான். சூடம் காட்டி, கேசரி சாப்பிட்டதோடு சுத்தமாக மறந்துபோனேன்.

இண்டெக்ஸைப் போட்டு முடிக்க ஆறு நிமிடம் ஆனது. நிலோபர் ஒரு பெயரைத் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் ஸ்டிக்கர் வந்துவிட்டது.

மேடம் வந்து பார்த்தார். "பாத்தியா விக்ரம், எடுத்துட்டுப் போன்னு சொன்னதும் தானா ஓடுது. இவங்கள அதட்டித்தான் வேலை வாங்கணும்" என்றார் என்னிடம். முகேஷ் அட்டைப்பெட்டியோடு நின்றபடி மன்னிப்புக் கேட்டான். செய்யாத தப்புக்கு அவன் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தப்பு என்னோடது மேடம். அவன் குடுத்த பொருள் தங்கம்" என்று நடந்ததைச் சொன்னேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவனியாபுரம் கிளைக்கும் நீங்களே கொடுங்கள் என்று முகேஷிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாசல்வரை அவன் பின்னாலேயே போய், மன்னிச்சுக்கடா, வா ஒரு டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டேன். பதினாலு வருஷமாக என்னை மாப்ள என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிடாதவன், அட்டைப்பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"கடையில ஆள் இல்ல. வாரேன் சார்" என்றான்.