உறவுமுறை இல்லாத வசனம்

நாவலடிக் குடியேற்றத்தில் சாட்சியங்கள் தாங்களாகவே பஸ் ஏறி விசாரணைக்குப் போய், பின்னேரம் வீடு திரும்பும். சொன்னவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். சண்டை முடிந்த பதினான்கு வருடத்தில் எத்தனை ஆணைக்குழு, எத்தனை கூடாரம், எத்தனை மொழிபெயர்ப்பாளர்! ஒரே கதையை முப்பது தரம் சொன்னால் கதைக்கே வழி பாடமாகிவிடும். பிறகு அதற்குத் துணை எதற்கு?

சிந்துஜாவும் அனோஜனும் வரலாற்றுத் துறையில் கடைசி வருட மாணவர்கள். தப்பி வந்தவர்களின் கண்கண்ட சாட்சியங்கள்தான் ஆய்வு. பன்னிரண்டு வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். காலையில் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றால், பஸ் வருவதற்குள் இரண்டு சாட்சியங்களையாவது பதிவுசெய்யலாம். அவை அழுவதில்லை, இடையில் தண்ணீர் கேட்பதில்லை. அனோஜனுக்கு வேலை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல இருந்தது.

சிந்துஜாவுக்கு அப்படி இல்லை. அவள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே தவமலரின் சாட்சியத்துக்காக. ஆமியிடம் சரணடைந்த நாளில் தவமலரும் கணவனும் வரிசையில் நின்றபோது, அவர்களுக்குப் பின்னால் சிந்துஜாவின் அண்ணன் கோகுலன் நின்றான். பதினேழு வயது. கணவனோடு சேர்த்து அவனையும் பஸ்ஸில் ஏற்றியதைத் தவமலர் தன் கண்ணால் கண்டாள். முதலாவது ஆணைக்குழுவில் அதைச் சொல்லியும் இருக்கிறாள். கூடாரத்தின் பின்வரிசையில் இருந்த சிந்துஜாவின் அம்மா அந்த நேரம் பார்த்து மயங்கி விழுந்துவிட்டாள். எழுந்தபோது வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு முகாம் முகாமாகப் பிரிந்து போனார்கள். அம்மாவுக்கு வேறொன்றும் வேண்டாம். ஏறும்போது பிள்ளை எப்படி இருந்தான், அவ்வளவுதான்.

தவமலரின் சாட்சியம் சிந்துஜாவின் முழங்கால் உயரம்தான் இருந்தது. ஒரு காலத்தில் ஆள் உயரம் நின்றதாம். சுருக்கமாகச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று ஆளுக்கு ஆள் நறுக்கி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. தரிப்பிடத்து வாங்குப் பலகையில் ஏற முடியாமல் நின்றது. சிந்துஜா தூக்கி இருத்தினாள். அது கணவனைப் பற்றிப் பத்து வசனம் சொல்லி நிறுத்தியது.

"பின்னால நிண்ட பெடியனைப் பற்றி?" என்று கேட்டாள் சிந்துஜா.

"அது என்னட்ட இல்லைப் பிள்ளை. உறவுமுறை இல்லாத ஆக்களைப் பற்றிக் கதைக்க வேண்டாமெண்டு ரெண்டாவது ஆணைக்குழுவில வெட்டிப்போட்டினம்."

பஸ் வந்தது. சாட்சியம் ஏறிப் போய்விட்டது.

சிந்துஜா விடவில்லை. தவமலரின் வீட்டுக்கே போனாள். தவமலர் முற்றத்தில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நல்ல நிறமாக, கன்னம் வைத்து, ஒரு கவலையும் இல்லாமல் இருந்தாள். வந்தவளுக்கு ஒரு பிடி துருவல் சீனி போட்டுக் கொடுத்தாள்.

"அன்ரி, கோகுலன் எண்டு ஒரு பெடியன். உங்களுக்குப் பின்னால வரிசையில நிண்டவன். ஞாபகம் இருக்கோ?"

"அதுகளெல்லாம் என்ர சாட்சியத்துக்குத்தான் தெரியும் பிள்ளை. பின்னேரம் வந்திடும், இருந்து கேளுங்கோவன்."

"அதிட்ட இல்லையாம்."

"அப்ப என்னட்டயும் இல்லை." தவமலர் துருவுவதை நிறுத்தினாள். "நீங்கள் படிச்ச பிள்ளையள், ஒண்டு கேக்கட்டே? எனக்கு மனுசன் எண்டு ஒருத்தர் இருந்தவரோ?"

சிந்துஜா பதிவுக் கருவியைப் போட்டு, கணவனைப் பற்றிய பத்து வசனத்தையும் கேட்கவிட்டாள். தவமலர் முழுவதையும் கேட்டாள். "பாவம் அந்த மனுசி," என்று சொல்லிவிட்டு அடுத்த தேங்காய்ப் பாதியை எடுத்தாள். சிந்துஜாவுக்கு ஆத்திரம் வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. பொறாமைதான் கூடுதல் நேரம் இருந்தது.

வெட்டிய வசனங்களை எறிவதில்லை. எறிவதற்கும் ஒரு கடிதம் வேண்டும், அது இன்னும் வரவில்லை. ஆணைக்குழு கூடிய பொதுமண்டபத்தின் பின்னறையில் அவற்றை உரப்பைகளில் கட்டி வைத்திருந்தார்கள். காவலாளி சூசைதாசன் திறப்பைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார்.

"எந்தப் பை எண்டு எழுதேல்லையோ அண்ணை?"

"எழுதினதுதான் தங்கச்சி. மழைக்கு அழிஞ்சுபோச்சு. நீங்கள் பாத்து எடுங்கோ. ஒண்டுதான் குடுக்கலாம், அதுதான் சட்டம்."

நாற்பத்தொரு பைகள். சிந்துஜா முதலாவதை அவிழ்த்தாள். வசனங்கள் உள்ளங்கையில் அடங்கும் அளவில், இளஞ்சூடாக இருந்தன. ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள். 'நீலச் சட்டை போட்ட பெடியனை ஏத்தினவை.' அடுத்தது, 'நீலச் சட்டைப் பெடியன் ஒருத்தன் ஏறினவன்.' அதற்கடுத்ததும் நீலச் சட்டை. இடம்பெயர்ந்தவர்களுக்கு என்று கடைசியாக வந்து சேர்ந்த நிவாரணப் பொதியில் பெடியன்களுக்கு இருந்தது முழுவதும் நீலச் சட்டை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாருமே நீலம்.

மூன்று நாள் கேட்டாள். நான்காம் நாள் அனோஜனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒண்டை எடு சிந்து. எல்லாம் ஒண்டுதானே."

"உன்ர அண்ணனும் என்ர அண்ணனும் ஒண்டோ?"

"எனக்கு அண்ணன் இல்லை," என்றான் அவன். உண்மைதான். அதற்குப் பிறகு அவன் மண்டபத்துக்கு வரவில்லை. அவனுக்குப் பன்னிரண்டும் கிடைத்துவிட்டன.

ஐந்தாம் நாள், முப்பத்தாறாவது பையில், கொஞ்சம் நீளமான ஒன்று அகப்பட்டது. 'நீலச் சட்டை போட்ட பெடியன் ஒருத்தன் ஏறேக்க திரும்பிப் பார்த்தவன்.' கோகுலன் எங்கே போனாலும் வேலிப் படலையில் நின்று திரும்பிப் பார்ப்பானாம். அம்மா சொல்லியிருக்கிறாள். சிந்துஜா அதைத் தன் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, சூசைதாசனின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். மிச்ச ஐந்து பையையும் அவள் அவிழ்க்கவில்லை. அவளுக்குக் களைத்துவிட்டது.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து, வசனத்தைக் காதோடு வைத்துக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"திரும்பிப் பார்த்தவனாம்," என்றாள். "அழுதவனோ?"

"அவ்வளவுதான் அம்மா இருக்கு."

"காலில செருப்பு?"

"அவ்வளவுதான் அம்மா."

பதினான்கு வருடத்தில் முதல் முறையாக அம்மா அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை படலையில் நீலச் சட்டை போட்ட பெடியன் ஒருவன் நின்றான். பதினேழு வயது இருக்கும். கோகுலன் இல்லை. நெற்றி வேறு, நிற்கிற விதம் வேறு. அம்மா வாசலில் நின்றபடியே அதைக் கண்டுகொண்டாள். பெற்றவளுக்கு அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

"அன்ரி, என்னைப் பற்றி ஒரு வசனம் இஞ்ச இருக்காமே," என்றான் அவன். "கேக்கலாமோ?"

சிந்துஜா எடுத்துக் கொடுத்தாள். கேட்டான்.

"ஏறேக்க திரும்பிப் பார்த்தனான். சரி. அதுக்குப் பிறகு?"

"அதோட முடியுது தம்பி," என்றாள் சிந்துஜா.

"அப்ப நான் ஏறத்தான் வேணும்," என்றான்.

அம்மா அவனை இருத்திப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்தாள். முதலில் எடுத்து வைத்தது கோகுலனின் சாப்பாட்டுக் கோப்பையைத்தான். பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றில் போட்டாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்து படலையில் நின்றது. அவன் ஏறினான். ஏறும்போது திரும்பிப் பார்த்தான்.

பஸ் நிறைய நீலச் சட்டைகள். சிந்துஜா முன்னிருந்து பின்னுக்கு ஒவ்வொரு யன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினாள். கடைசி ஐந்து யன்னல்களில் இருந்தவர்களின் பைகளை இன்னும் யாரும் அவிழ்த்துக் கேட்காததால் அவர்களுக்கு முகம் வந்திருக்கவில்லை. அம்மா ஐந்து யன்னலுக்கும் கை காட்டினாள்.