இருபத்தெட்டு அடி தண்ணீர்

குடிநீர்த் தொட்டியை ஒட்டிய அறையில் டேட்டா லாகர் வைத்து மூன்று வருஷமாகிறது. தொட்டியில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று மணிக்கொரு தரம் பதிந்துகொள்ளும் பெட்டி அது. வாரத்துக்கொரு முறை கிளார்க் போய், யூஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவைச் செருகி, அளவுகளை எடுத்து வந்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். முப்பதடித் தொட்டியில் தண்ணீர் ஒருநாளும் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கியதில்லை. கோடையில் இரண்டடி கூடவே ஏறியது. அதைப் பாராட்டித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை இன்ஜினியர் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். மேட்டுத் தெருக்காரர்கள் மட்டும் குழாயில் காற்றுதான் வருகிறது என்று மனுமேல் மனு எழுதினார்கள். தொட்டி நிறைந்திருக்கிறது என்று கிளார்க் பதில் எழுதினாள்.

இனி அளவுகள் நேராகத் தலைமை அலுவலகத்துக்கே வரட்டும் என்று உத்தரவானதால், நெட்வொர்க் போர்ட்டில் கேபிள் இணைக்க டெக்னீஷியன் வந்தாள். ஒயரும் கையுமாகத் திரிவதால் அவளுக்கு ஒயரக்கா என்று பெயர். கிளார்க் அவளுடைய நாத்தனார்தான். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்திறங்கினார்கள்.

கேபிளைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் இருபத்தெட்டு. எதற்கும் பார்ப்போமென்று ஒயரக்கா வெளியே போய், இரும்புத் தொட்டியைத் தட்டிக்கொண்டே ஏணியில் ஏறினாள். ஒன்பதடிக்கு மேல் காலிக் குடம்போல் டங்கென்றது.

திரும்பி வந்து பெட்டிக்கு அடியில் குனிந்தாள். ஒரே மாதிரி இரண்டு போர்ட்டுகள். ஒன்று தண்ணீர் சென்சாருக்கு, மற்றது அறையின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சாருக்கு. சென்சார் அனுப்புவது வெறும் எண். அதை அடி என்பதா டிகிரி என்பதா என்பது பெட்டியின் பாடு. தண்ணீர் போர்ட்டில் இருந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரிலிருந்த வெப்ப சென்சாரில் போய் முடிந்தது. அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் முப்பத்தோரடிக்கு ஏறியது.

"அண்ணி, கைய எடுங்க! வழிஞ்சிடப் போகுது" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஒரேயடியா மாத்தினா மானம் போயிடும்மா. தினம் ஒரு அடியா இறக்க முடியாதா?"

"ஒயர அப்படியெல்லாம் மாட்ட முடியாது சார்."

"அப்போ விட்டுடுங்க. மூணு வருஷம் ஓடிச்சில்ல."

ஒயரக்கா நாத்தனாரைப் பார்த்தாள். கையெழுத்தெல்லாம் அவளுடையது. வீட்டில் ஒரே அடுப்பு. நாளைக்கு அவள் வேலைக்கு ஏதாவது ஆனால் முகத்தில் முழிக்க முடியாது.

"மேட்டுத் தெருவுக்கு நாப்பத்திமூணு பதில் எழுதியிருக்கேன், அண்ணி. கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்தி குடம் தூக்க முடியலன்னு எழுதியிருந்தா. அவளுக்கும் தொட்டி நிறைஞ்சிருக்குன்னுதான் எழுதினேன்" என்றாள் நாத்தனார். பிறகு தானே குனிந்து இரண்டு பிளக்குகளையும் பிடுங்கி இடம் மாற்றினாள். திரையில் ஒன்பது வந்தது.

பத்து நிமிஷத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து போன். இன்ஜினியர் கண்ணாலேயே நாத்தனாரைக் கெஞ்சினார். அவளே எடுத்தாள்.

"பத்தொம்பது அடித் தண்ணி எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல சார். வரவே இல்ல."

மறுநாளே மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் லாரி போனது. அடுத்த வாரம் இரண்டாவது பம்பையும் ஓட்டினார்கள். நாத்தனாரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவள் எழுதிக் கொடுத்தாள், வேலை தப்பியது. அந்த மூன்று வருஷமும் பெட்டியில் அறையின் வெப்பம் ஏன் ஒன்பது டிகிரியாகவே இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.